முப்பது நாள், தினம் ஒரு பக்கம்: நம் தோட்டத்துக் கதையை நாமே எழுதலாம்

"எனக்கெல்லாம் எழுத வராதும்மா. ஆறாம் ஆண்டோட படிப்பு நின்னு போச்சு."

புலனக் குழுவில் சேரும்படி அழைத்தபோது அந்த அம்மா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இது. வயது அறுபதைத் தாண்டியவர். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் மரம் வெட்டி, தோட்டம் கைமாறிய பிறகு பட்டணத்துத் தாமானுக்குக் குடிவந்தவர். முப்பது நாள் கழித்து அவரிடம் ஒரு பள்ளி நோட்டு இருந்தது. அதில் இருபத்தாறு பக்கம் அவர் கையெழுத்தில் நிரம்பியிருந்தது.

ஒரு மாதம் முழுக்க, பலர் ஒன்றாகச் சேர்ந்து, தினமும் ஏதாவது எழுதுவது என்ற பழக்கம் உலகின் பல இடங்களில் இருக்கிறது. இதை 'மாதச் சவால்' என்கிறார்கள். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. மாத முடிவில் எழுதி முடித்தவர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக் கொள்வதோடு சரி. நம் வட்டாரத்தில் இருபது பேர் சேர்ந்து இதை ஒரு மாதம் செய்து பார்த்தோம். எங்கே தடுமாறினோம், எது பலன் தந்தது, நீங்கள் உங்கள் தாமானிலோ கோயில் மண்டபத்திலோ தொடங்க என்ன தேவை என்பதை இங்கே சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கு ஒரு நாவல் எழுதிப் பார்ப்பது என்று இறங்கினார்கள். மறு ஆண்டு முதல் அது நவம்பர் மாதத்துக்கு மாறியது. இலக்கு 50,000 சொற்கள். முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,667 சொற்கள். விளையாட்டாகத் தொடங்கியது பின்னாளில் பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் கலந்துகொள்ளும் இயக்கமாக வளர்ந்தது.

இதைப் பார்த்து மற்றத் துறைகளிலும் மாதச் சவால்கள் கிளம்பின. 2003இல் மௌரீன் தோர்சன் என்ற அமெரிக்கக் கவிஞர் ஏப்ரல் மாதம் தினம் ஒரு கவிதை என்று தொடங்கினார். 2009இல் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் அக்டோபர் மாதம் தினம் ஒரு மைச்சித்திரம் என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2014 முதல் ஏப்ரல் மாதத்தில் 'சிங்கப்பூர் கவிதை எழுதும் மாதம்' நடக்கிறது. முகநூல் குழுவில் தினமும் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள், விரும்பியவர்கள் எழுதிப் போடுவார்கள். அதே ஏப்ரலில்தான் அங்கே 2007 முதல் தமிழ்மொழி விழாவும் நடந்து வருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னோடியான அந்த நாவல் இயக்கத்தின் அமைப்பு 2025 மார்ச் இறுதியில் மூடுவிழா அறிவித்துவிட்டது. பணப் பற்றாக்குறை ஒரு காரணம். செயற்கை நுண்ணறிவு பற்றி 2024இல் அது எடுத்த நிலைப்பாட்டை எழுத்தாளர்கள் பலர் கடுமையாக எதிர்த்ததும் அதன் பெயரைக் கெடுத்திருந்தது. அமைப்பு போனாலும் பழக்கம் போகவில்லை. சேர்ந்து எழுத இருபது பேர் இருந்தால் போதும், தலைமையகம் எதற்கு?

நமக்கு இது புதிதா?

தமிழ் நேசன் நாளிதழ் 1924இல் தொடங்கி 2019இல் நின்று போனதை வாசகர்கள் அறிவார்கள். அந்த நாளிதழில் 1950, 51ஆம் ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்று ஒன்றை நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பத்திரிகையிலேயே பாடம் வந்தது. படித்தவர்கள் கதை எழுதி அனுப்பினார்கள். மலாயாவில் சிறுகதை வளர்ந்த வரலாற்றை யார் எழுதினாலும் அந்த வகுப்பைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

அடுத்து 1952இல் தமிழகத்திலிருந்து கு. அழகிரிசாமி வந்து தமிழ் நேசனில் பணியாற்றினார். 1957 வரை இங்கே இருந்த காலத்தில் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து இலக்கிய வட்டம் நடத்தினார். தமிழ் முரசில் கோ. சாரங்கபாணி மாணவர்களுக்கென்று மாணவர் மணிமன்றம் வைத்தார். 1970களில் நல்ல கதைக்குப் பவுன் கொடுக்கும் திட்டம் தமிழ் நேசனில் வந்தது.

இவற்றின் அடிப்படை ஒன்றுதான். தனியாக உட்கார்ந்தால் எழுதாதவன், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எழுதுவான். ஒரு கெடுவும், படிக்க ஆளும், அடுத்த வாரம் என்ன எழுதப் போகிறாய் என்ற கேள்வியும் இருந்தால் வேலை நடக்கும். மாதச் சவாலும் அதையேதான் செய்கிறது. பத்திரிகை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி இருக்கிறது.

ஏன் எழுத வேண்டும்?

சயாம் மரண ரயிலை எடுத்துக் கொள்வோம். 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அங்கே கொண்டு போனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். அதே பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள் நாட்குறிப்பு வைத்திருந்தார்கள், படம் வரைந்தார்கள், ஊர் திரும்பிப் புத்தகம் எழுதினார்கள். அதனால் உலகம் அந்த ரயிலை அவர்கள் கதையாகவே நீண்ட காலம் அறிந்திருந்தது. நம்மவர்கள் பட்டதை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்கள் பேசின. ஆனால் அவை வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. போய் வந்த தொழிலாளியே தன் கையால் எழுதி வைத்தது மிகமிகக் குறைவு.

தோட்டத்து வாழ்க்கைக்கும் இதே நிலைமை வந்து கொண்டிருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புப் பகுதியும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. லயங்கள் இடிபட்டன. கோயில்கள் இடம் மாறின. பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று காட்ட ஆள் இல்லை. அந்த வாழ்க்கையைப் பெரியவர்களாக இருந்து வாழ்ந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் தலைக்குள் இருப்பது அவர்களோடு போய்விடும்.

என் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. சவாலின் பதினோராம் நாள் 'ஒரு கருவி' என்பது தலைப்பு. பால் வெட்டும் உளியைப் பற்றி எழுதலாம் என்று பாட்டியிடம் கேட்டேன். உளியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அது வைத்திருந்த பையின் பெயரைச் சொல்ல வந்தவருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. அன்று முழுக்க யோசித்தார். இன்றுவரை வரவில்லை. எனக்குத் தமிழில் பட்டம் இருக்கிறது, எந்த அகராதியைத் திறந்தாலும் அந்தச் சொல் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. போன வருடமே கேட்டிருக்கலாம்.

எவ்வளவு எழுதுவது?

ஆங்கிலத்தில் சொல்லும் கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரக் கூடாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது தமிழில் பல நேரம் ஒரே சொல்லில் அடங்கிவிடும். 'எழுதிக்கொண்டிருந்தேன்' ஒரு சொல். 'வீட்டிலிருந்து' ஒரு சொல். ஆக, 1,667 சொல் என்ற இலக்கைத் தமிழில் வைத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான்காம் நாளே மூச்சு வாங்கும்.

நாங்கள் வைத்த இலக்கு ஒரு நாளைக்கு ஒரு நோட்டுப் பக்கம், சுமார் 120 சொல். முப்பது நாளில் 3,600 சொல் சேரும். அச்சில் பதினைந்து பக்கம் போல வரும். ஒரு குடும்பத்தின் வரலாற்றுக்குத் தொடக்கமாக இது நல்ல அளவு.

நேரம் முக்கியம். எப்போதும் செய்யும் ஒரு வேலையோடு எழுத்தைக் கட்டிவிடுங்கள். பசியாறிய பிறகு, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்ததும், இரவுச் செய்திக்குப் பிறகு என்று ஏதாவது ஒன்று. 'நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்' என்று சொன்னவர்கள் எங்கள் குழுவில் முதல் வாரத்தைத் தாண்டவில்லை.

கைப்பேசியில் எழுதுவது எப்படி?

தமிழில் தட்டெழுதத் தெரியாது என்பது பலர் சொல்லும் காரணம். இதற்கு வழிகாட்டியவரே நம் நாட்டுக்காரர். முரசு மென்பொருளை 1980களில் உருவாக்கிய முத்து நெடுமாறன்தான் கைப்பேசியில் தமிழ் எழுதும் 'செல்லினம்' செயலியை 2005இல் கொண்டுவந்தார். அதில் 'அஞ்சல்' முறையைத் தேர்ந்தெடுத்தால் உச்சரிப்புப்படி ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் வரும். நீண்ட நாள் எழுதப் போகிறவர்கள் 'தமிழ்99' முறையைப் பழகலாம். தட்டும் எண்ணிக்கை குறையும், விரலுக்கும் நல்லது.

தட்டவே முடியாதவர்களுக்குக் குரல் வழி இருக்கிறது. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக மாறும். பேச்சுத் தமிழில் வேகமாகப் பேசினால் தப்பும் தவறுமாக வரும், பேரனோ பேத்தியோ பிறகு திருத்தித் தரலாம். எங்கள் குழுவில் இரண்டு பெரியவர்கள் குரல் பதிவாகவே அனுப்பினார்கள், வேறு ஒருவர் கேட்டு எழுதினார். அந்தக் குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். எழுத்தைவிட அவைதான் பின்னால் விலைமதிப்பு உள்ளவை.

நோட்டும் பேனாவும் போதும் என்பவர்களுக்கு அதுவே நல்லது. பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டால் போதும்.

எழுத்துப் பிழை பயம்

இந்தப் பயம்தான் எங்கள் குழுவில் பெரிய தடையாக இருந்தது. அதில் என் பங்கும் உண்டு.

முதல் மூன்று நாள் நான் எழுதியவை சுத்தமான தமிழில், ஒற்று மிகும் இடம் பார்த்து, மிகாத இடம் பார்த்து எழுதியவை. குழுவில் யாரும் ஒரு சொல் பதில் போடவில்லை. நான்காம் நாள் அந்த அம்மாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "நல்லா எழுதுறம்மா. ஆனா பேப்பர் படிக்கிற மாதிரியே இருக்கு. இதப் பாத்துட்டு நான் என்னத்த எழுதுறது?" என்று கேட்டார். அன்று இரவே குழுவில் ஒரு விதி போட்டோம். இந்த மாதம் முடியும்வரை யாரும் யாருடைய பிழையையும் திருத்தக் கூடாது. மறுநாள் ஐந்து பேர் புதிதாக எழுதினார்கள்.

லகர ளகர ழகரம், ரகர றகரம், மூன்று நகரங்கள் எல்லாம் முக்கியம்தான். ஆனால் அதற்கு நேரம் வேறு. எழுதும்போது எழுத வேண்டும், திருத்தும்போது திருத்த வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் முதல் வரியைத் தாண்ட முடியாது. மாதம் முடிந்து திருத்தும்போது நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' பிழைதிருத்தியும், சந்திப் பிழை பார்க்கும் 'நாவி'யும் இணையத்தில் இலவசமாக உதவும்.

தோட்டத்துச் சொற்களைத் திருத்தவே திருத்தாதீர்கள். 'பெரட்டு', 'நிரை', 'மங்கு', 'காண்டா', 'ஆயாக்கொட்டகை' என்று பாட்டி எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதிவிட்டு, அதே வரியில் பொருளையும் சொல்லிவிடுங்கள். அகராதியில் இல்லை என்று வேறு சொல் போட்டால் அந்தச் சொல் அத்தோடு செத்துப் போகும். மலாய்ச் சொற்களுக்கும் அப்படித்தான். 'பாசார் மாலாம்' என்று சொல்லி வளர்ந்தவர் 'இரவுச் சந்தை' என்று எழுதினால் படிப்பவருக்கு அது வேறு ஏதோ ஊர் போலத் தெரியும்.

என்ன எழுதுவது?

'என் வாழ்க்கை' என்று தலைப்பு வைத்தால் யாராலும் தொடங்க முடியாது. தலைப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு எழுத வரும். நாங்கள் நான்கு வாரத்தை இப்படிப் பிரித்துக் கொண்டோம்.

முதல் வாரம் இடம். வீட்டு வாசலிலிருந்து பெரட்டுக் களம் வரை போகும் பாதை. லயத்தில் எத்தனை வீடு, பக்கத்து வீட்டில் யார். தண்ணீர் எங்கிருந்து வந்தது. கோயில் எந்தத் திசையில் பார்த்து இருந்தது.

இரண்டாம் வாரம் வேலை. ஒரு நாள் வேலை எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது. ஒரு கருவி. மழை நாள். சம்பள நாள்.

மூன்றாம் வாரம் மனிதர்கள். கங்காணி, கிராணி, ஆயா, வாத்தியார், சைக்கிளில் வந்த ரொட்டிக்காரர். ஒரு கல்யாணம். ஒரு சாவு.

நான்காம் வாரம் புறப்பாடு. தோட்டத்தை விட்டு வந்த நாள். கையில் எடுத்து வந்த பொருள். பட்டணத்தில் முதல் இரவு. பிறகு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்தது.

பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டு, அப்பா வேலை பார்த்த துறைமுகம், அம்மா நின்ற தொழிற்சாலைப் பேருந்து நிறுத்தம் என்று மாற்றிக் கொள்ளலாம்.

நுணுக்கமாக எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. 'நான் பால் மரம் வெட்டினேன், மிகவும் கஷ்டப்பட்டேன்' என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. நாம் தொடக்கத்தில் பார்த்த அம்மா எழுதியது வேறு மாதிரி. இருட்டோடு போக வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உளி கட்டை வரை இறங்கினால் மரத்தில் காயம், கங்காணியிடம் ஏச்சு. வெட்டி முடித்துத் திரும்பி வந்து மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமக்க வேண்டும். பாதியில் மழை பிடித்தால் மங்கில் தண்ணீர் விழுந்து அன்றைய உழைப்பு வீண். இதைப் படித்த அவருடைய பேரன், கணக்காளராக இருப்பவர், குழுவில் எழுதினார்: "பாட்டி இவ்வளவு தெரிஞ்ச ஆளுன்னு எனக்குத் தெரியாது."

'கஷ்டம்' என்ற சொல்லை அந்த அம்மா எங்கேயும் எழுதவில்லை.

ஒரு நாள் தவறிவிட்டால்?

பத்தாம் நாள்வாக்கில் எல்லாருக்கும் ஒரு சோர்வு வரும். காய்ச்சல் வரும், இரவு வேலை வரும், ஊரில் துக்கம் வரும். ஒரு நாள் விட்டுப்போனதும் 'அவ்வளவுதான், நம்மால் முடியாது' என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் குழுவில் இருபது பேரில் ஏழு பேர் அப்படித்தான் நின்றார்கள்.

இதைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு புதிய செயல் தன்னால் நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது.

இதிலிருந்து இரண்டு செய்தி எடுத்துக் கொள்ளலாம். முப்பது நாளில் எல்லாரும் எழுத்தாளராகிவிட மாட்டோம், அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே நேரம், ஒரு நாள் விட்டுப் போனால் மறுநாள் தொடரலாம், விட்டதை ஈடுகட்ட இரண்டு பக்கம் எழுத வேண்டியதில்லை. அந்த அம்மா நான்கு நாள் எழுதவில்லை. சம்பந்தி வீட்டு விசேஷம். ஐந்தாம் நாள் ஒன்றும் நடக்காததுபோல வந்து எழுதினார்.

மற்றவர்களைப் பற்றி எழுதும்போது

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் வாரம், பாட்டி சொன்னதை வைத்து அவர் லயத்தில் இருந்த ஒருவரைப் பற்றி எழுதினேன். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு அவர் பாடிக்கொண்டு வருவதை நகைச்சுவையாக எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை, தோட்டத்தில் அவருக்கு இருந்த பட்டப்பெயரை மட்டும் போட்டேன். குழுவில் இருந்த ஓர் அக்காவுக்கு அவர் தாத்தா. பட்டப்பெயரைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். குழுவிலிருந்து விலகினார்.

அன்று இரவு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "தாத்தா குடிச்சது உண்மைதான். ஆனா ஆறு பிள்ளைங்கள இங்கிலீஷ் ஸ்கூல் வரைக்கும் படிக்க வெச்சதும் அவருதான். அதையும் கேட்டு எழுதியிருக்கலாம்ல?" என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. பதிவை எடுத்துவிட்டேன். அவர் குழுவுக்குத் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் இவை. மற்றவர் குடும்பத்தைப் பற்றி எழுதினால் அந்தக் குடும்பத்தில் ஒருவரிடம் முதலில் படித்துக் காட்ட வேண்டும். கேட்க ஆள் இல்லையென்றால் பெயர், பட்டப்பெயர், வீட்டு எண் எதுவும் வரக் கூடாது. யாரோ சொன்னது என்றால் 'பாட்டி சொன்னது' என்று தெளிவாகப் போட வேண்டும். பிள்ளைகளின் படம், அடையாள அட்டை, பழைய சம்பளச் சீட்டில் உள்ள எண்கள் ஆகியவற்றைப் பொதுவில் போடக் கூடாது. குழுவில் வந்த எதையும் எழுதியவரிடம் கேட்காமல் வேறு குழுவுக்கு அனுப்பக் கூடாது.

இன்னொன்றும் சேர்த்தோம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கி ஒட்ட வேண்டாம். ஓர் இளைஞர் ஒரு நாள் அப்படி ஒட்டினார். பச்சைப் பசேல் என்ற தோட்டம், பறவைகளின் கீதம் என்று அழகாக இருந்தது. அவர் அப்பா பிறந்த தோட்டத்தின் ஒரு மரம்கூட அதில் இல்லை. பிழை திருத்தவும் தட்டெழுதவும் கருவி உதவட்டும். நினைவு நம்முடையதாக இருக்க வேண்டும்.

குழு எப்படி அமைப்பது?

பத்திலிருந்து இருபது பேர் போதும். அதற்கு மேல் போனால் யாரும் யாருடையதையும் படிக்க முடியாது. காலை ஏழு மணிக்கு ஒருவர் அன்றைய தலைப்பைப் போட வேண்டும். அந்தப் பொறுப்பை வாரம் ஒருவராக மாற்றிக் கொள்ளலாம். ஒவ்வொருவரும் தினமும் மற்றவர் எழுதிய இரண்டையாவது படித்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். 'அருமை', 'சூப்பர்', கைகூப்பும் படம் ஆகியவற்றால் எழுதியவருக்குப் பயன் இல்லை. 'அந்தக் கிணறு எவ்வளவு ஆழம்?' என்று கேட்டால் அவர் மறுநாள் இன்னொரு பக்கம் எழுதுவார். காலை வணக்கப் படம், அரசியல் காணொலி, மருத்துவக் குறிப்பு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மாதம் தடை. முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக் கொள்வதில்லை.

வாரம் ஒருமுறை நேரில் கூட முடிந்தால் நல்லது. கோயில் மண்டபமோ யார் வீட்டு ஐந்தடியோ போதும். கைப்பேசி இல்லாத பெரியவர்கள் அங்கே வந்து சொல்வார்கள், இளையவர்கள் எழுதிக் கொள்ளலாம்.

மாதம் முடிந்த பிறகு

எழுதியது புலனத்திலேயே கிடந்தால் கைப்பேசி மாற்றும்போது போய்விடும். முதல் வேலை, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து மின்னஞ்சலில் ஒரு படி, வேறொருவர் கணினியில் ஒரு படி வையுங்கள். நோட்டில் எழுதியவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள்.

பிறகு ஒரு வாரம் ஆறப் போட்டுத் திருத்தலாம். திருத்தியதை நகலகத்தில் கொடுத்துச் சுருள் கட்டி, குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். நூலாக வெளியிட நினைப்பவர்கள் தேசிய நூலகத்தில் நூல் எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். வெளியான நூலின் படிகளை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது நமக்கு நல்லதுதான், நம் தோட்டத்தின் பெயர் நாட்டின் நூலகத்தில் இருக்கும். அருகிலுள்ள தமிழ்ப் பள்ளி நூலகத்துக்கும் ஒரு படி கொடுங்கள். இன்றைக்கு அந்தத் தோட்டத்தின் பெயர் எஞ்சியிருப்பது பல இடங்களில் பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும்தான்.

எங்கள் இருபது பேரில் கடைசிவரை வந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஏழு பேர் பாதியில் நின்றார்கள், ஒருவர் என்னால் போனார். பன்னிரண்டு பேர் எழுதியதையும் இப்போது தட்டெழுதிக் கொண்டிருக்கிறோம். அந்த அம்மா நோட்டைக் கொடுக்கும்போது கடைசி நான்கு பக்கம் காலியாக இருப்பதைக் காட்டி, "அத வெச்சிரும்மா, இன்னும் இருக்கு எழுத" என்றார்.

அடுத்த மாதம் முதல் தேதி தொடங்க விரும்பும் வாசகர்களுக்கு முதல் நாள் தலைப்பை இங்கேயே தந்துவிடுகிறேன். நீங்கள் பிறந்த வீட்டு வாசலில் நின்றால் என்னென்ன தெரியும்? ஒரு பக்கம் எழுதுங்கள். உங்களுக்கு நினைவில்லையென்றால், நினைவுள்ளவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.